மேகக் கணக்கு

எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் நான் கடைசி ஆள். என்னைக் களத்தில் இறக்க எங்கள் பி.டி. சார் குமரகுருவுக்கு மனசு வந்ததே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் நீட்டுவதும், துண்டைப் பிழிந்து கொடுப்பதும், எத்தனை புள்ளி முன்னே, எத்தனை புள்ளி பின்னே என்று சத்தம் போட்டுச் சொல்வதும்தான் என் வேலை. பி.காம். படிக்கிற ஸ்வேதாவுக்குக் கணக்கு வரும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. கணக்கு வரும்தான். ஆனால் கொடைக்கானலில் நடந்த அந்தப் போட்டிக்குப் பிறகு, விதிமுறை என்று எவர் வாயெடுத்தாலும் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்லூரி திறந்த சூட்டோடு சூடாக வருகிற போட்டி அது. கொடைக்கானல் கடைவீதியில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கும் அப்பாஸ் பாய், நாயுடுபுரத்தில் உள்ள திறந்தவெளி சிமெண்ட் தளத்தில் வருஷா வருஷம் நடத்துகிறார். ஆறு பெண்கள் கல்லூரிகள், இரண்டு பிரிவு. எங்கள் பிரிவில் பழனியிலிருந்து நாங்கள், பெரியகுளத்து அணி, உள்ளூர்க் கொடைக்கானல் அணி. பிரிவில் முதலாவதாக வருகிற அணி மட்டும் ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம் ஆடும். மற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

எங்கள் கேப்டன் முருகேஸ்வரிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வேண்டும். கோப்பைக்காக இல்லை, அவள் அம்மாவுக்காக.

அவள் ஊர் பூண்டி. கொடைக்கானலிலிருந்து இன்னும் மேலே, மலைப்பூண்டும் கேரட்டும் விளைகிற ஊர். அவளுக்கு அகிலன் என்று ஓர் அண்ணன் இருந்தான். வீட்டுக்குப் பின்னாலிருந்த யூகலிப்டஸ் மரத்தில் ஒரு இரும்பு வளையத்தை ஆணியடித்து மாட்டி, அண்ணனும் தங்கையும் அடித்துப் பிடித்து ஆடி வளர்ந்தவர்கள். போன வருஷம் மழைக்காலத்தில் இதே நாயுடுபுரம் தளத்தில் ஆடிவிட்டு, பைக்கில் ஊர் திரும்பினான் அகிலன். பூம்பாறை தாண்டி ஒரு வளைவில், மேகம் இறங்கிக் கிடந்த இடத்தில், வண்டியோடு கீழே போய்விட்டான். மறுநாள் காலையில்தான் அவனை மேலே கொண்டுவந்தார்கள். காரியம் முடிந்த கையோடு அவன் அம்மா ஜோதிமணி செய்த முதல் வேலை, மரத்திலிருந்த வளையத்தைக் கடப்பாரையால் நெம்பி எடுத்துப் பள்ளத்தில் வீசியதுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவன் பேரைச் சொல்வதில்லை. பந்து என்ற சொல்லும் கிடையாது.

முருகேஸ்வரிக்கு இது கடைசி வருஷம். மேலே உடற்கல்வி படிக்க வேண்டும், பந்தோடு வாழ வேண்டும் என்பது அவள் ஆசை. விடுமுறையில் ஊருக்குப் போனபோது எப்படியோ தைரியம் வந்து, இந்தப் போட்டியைப் பற்றியும் சொல்லி, அம்மாவிடம் கேட்டுவிட்டாள். அம்மா சொன்ன பதிலை விடுதியில் என்னிடம் அப்படியே ஒப்பித்தாள்.

"அந்த எழவு பந்த ஒருக்கா என் கண்ணால பாக்குறேன். பாத்துட்டுத்தான் சரியா வேணாமான்னு சொல்லுவேன். ஞாயித்துக்கெழம நீ ஆடுறதா இருந்தா வாரேன். மத்த நாளெல்லாம் எனக்குப் பூண்டுச் சோலி தலைக்கு மேல கெடக்கு."

மகன் கடைசியாக ஆடின இடத்துக்கு அந்த அம்மா வரச் சம்மதித்ததே பெரிய விஷயம். இன்னொரு தடவை சம்மதிப்பார் என்று முருகேஸ்வரிக்கு நம்பிக்கை இல்லை. எனக்கும் இல்லை.

போட்டிக்கு முந்தின நாள் அப்பாஸ் பாய் எல்லா அணிகளையும் கூட்டி வைத்து விதிமுறைகளை வாசித்தார். இரண்டு அணிகள் சமமாக நின்றால், அவர்களுக்குள் நடந்த ஆட்டத்தில் ஜெயித்தவர் முன்னே. மூன்று அணிகள் சமமாக நின்றால், யாருக்குப் புள்ளி வித்தியாசம் அதிகமோ அவர் முன்னே; அதுவும் சமமென்றால், மொத்தத்தில் அதிகப் புள்ளி எடுத்தவர். எல்லோரும் தலையாட்டினோம். இதையெல்லாம் அந்த நேரத்தில் யார் யோசிக்கிறார்கள்?

கடைசியாக ஒன்று வாசித்தார். அதைக் கேட்டுப் பெரியகுளத்துப் பெண்கள் வாய்விட்டே சிரித்தார்கள். மேகம் இறங்கி நடுவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நேரத்தில், பந்து வளையத்துக்குள் போனதா என்பதை வளையத்தின் கீழே நிற்கும் எதிரணிப் பெண் சொல்ல வேண்டும். பந்து போட்டவள் மூன்று புள்ளிக் கோட்டை மிதித்து இரண்டாக்கினாளா, வெளியே நின்று மூன்றாகப் போட்டாளா என்பதை அவளே சொல்ல வேண்டும்.

"இது என்ன பாய், திருடன் கையிலயே சாவியக் குடுக்குற மாதிரி இருக்கு?" என்றார் குமரகுரு சார்.

"மேகத்துக்காக ஆட்டத்த நிறுத்துனா இந்த ஊர்ல ஒரு மேட்ச்சும் முடியாது சார். எங்க பசங்க காலங்காலமா இப்படித்தான் ஆடுறாங்க. மேகக் கணக்குன்னு சொல்லுவோம். இதுவரைக்கும் சண்டை வந்ததில்ல."

முருகேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. "நானும் அண்ணனும் வீட்டுல இப்படித்தான் ஆடுவோம்" என்று என் காதில் சொன்னாள். போட்டிக்கு வந்த பிறகு அவள் அண்ணனைப் பற்றிப் பேசியது அது ஒன்றுதான்.

முதல் ஆட்டத்தில் பெரியகுளத்தைப் பத்துப் புள்ளியில் ஜெயித்தோம். அதே பெரியகுளம் கொடைக்கானலை நான்கு புள்ளியில் ஜெயித்தது. சனிக்கிழமை மதியம் எங்களுக்கும் கொடைக்கானலுக்கும் ஆட்டம். நாங்கள் ஜெயித்தால் ஒரு தலைவலியும் இல்லை, நேரே இறுதி ஆட்டம்தான். தோற்றால் மூன்று அணிகளுக்கும் தலா ஒரு வெற்றி, ஒரு தோல்வி. அப்போதுதான் இந்த வித்தியாசக் கணக்கெல்லாம் வரும்.

அன்றைக்கு என்று பார்த்து எங்கள் ஆட்கள் சொதப்பினார்கள். குளிருக்கு விரல் விறைத்து, கைக்கு வந்த பந்தெல்லாம் நழுவியது. கொடைக்கானல் அணியின் கேப்டன் மஹ்ஜபின் ஒல்லியான பெண். ஆனால் வளையத்துக்குக் கீழே நின்றாளென்றால் சுவர்தான். கடைசிப் பகுதி பாதி ஓடியபோது ஜெயிக்கும் நம்பிக்கை போய்விட்டது. குமரகுரு சார் என் பக்கம் திரும்பி, "எத்தனைல தோத்தா போதும், வெரசாச் சொல்லு" என்றார்.

நான் கணக்குப் போட்டேன். ஆறு புள்ளிக்குள் தோற்றால் வித்தியாசத்தில் நாங்கள் முன்னே. எட்டு என்றால் அவர்கள் முன்னே. சரியாக ஏழு என்றால் இரண்டு பேரும் சமம். அப்போது மொத்தப் புள்ளி பார்க்க வேண்டும். அதில் நாங்கள்தான் அதிகம்.

"ஏழு சார். ஏழு வரைக்கும் தாங்கும்."

"ஏழுக்குள்ள தோத்தாப் போதும்டி!" என்று சார் களத்தைப் பார்த்துக் கத்தினார். தோற்பதற்கு இப்படித் தொண்டை கிழியக் கத்துகிறவரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கே அசிங்கமாக இருந்தது.

ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தோம். ஆட்டம் முடியச் சில நொடிகள்தான் மிச்சம். அந்த நேரத்தில் மரங்களின் பக்கமிருந்து மேகம் இறங்கியது. முதலில் எதிர்ப்பக்க வளையம் காணாமல் போனது. பிறகு அதன் கம்பம், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நின்ற ஆட்கள். எங்கள் முருகேஸ்வரி பந்தோடு அதற்குள்ளே போவதைப் பார்த்தேன். அவள் முதுகிலிருந்த எண் ஒரு கணம் தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை. ஷூ கீச்சிடும் சத்தம். வலையில் பந்து உரசும் சத்தம். உடனே நேரம் முடிந்ததற்கான ஊதல்.

நடுவர் கையை விரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மேகத்துக்குள்ளே நடந்து போய், "வளையத்துக்குக் கீழ யாரும்மா?" என்று கேட்டார்.

"நான்தான் சார்." மஹ்ஜபினின் குரல்.

"உள்ள போச்சா?"

அவள் இல்லை என்று சொல்லியிருந்தால் ஒன்பது ஒன்பதாகவே இருந்திருக்கும். அவர்கள் நேராக இறுதி ஆட்டத்துக்குப் போயிருப்பார்கள். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

"போயிருச்சு சார். உள்ள விழுந்து என் தோள்ல பட்டுச்சு."

நடுவர் அடுத்ததாக முருகேஸ்வரியைக் கேட்டார். "ரெண்டா மூணா?"

"கோட்ட மிதிச்சுட்டேன் சார். ரெண்டு."

இரண்டு புள்ளி. ஒன்பது ஏழானது. பெஞ்சே எழுந்து குதித்தது. மேகத்திலிருந்து வெளியே வந்த முருகேஸ்வரியை நான்தான் முதலில் கட்டிக்கொண்டேன். "அம்மா வருவாங்க" என்றாள். அதை இரண்டு தடவை சொன்னாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு டீ ஆறும் நேரம்கூட நிலைக்கவில்லை. அப்பாஸ் பாய் எங்களிடம் வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க சார். கொடைக்கானல்தான் போகுது" என்றார்.

"எப்படிப் போகும்? வித்தியாசம் சமம். அடுத்து மொத்தப் புள்ளி. அதுல நாங்கதான் அதிகம். நீங்க வாசிச்ச விதிதானே?"

"வாசிச்சேன் சார். ஆனா வித்தியாசத்தப் பாத்ததுமே பெரியகுளம் கடைசின்னு கழண்டுருச்சு. மிச்சம் நிக்கிறது ரெண்டு டீம்தான். ரெண்டு டீம் சமம்னா அவங்களுக்குள்ள யாரு ஜெயிச்சாங்கன்னுதான் பாக்கணும். இப்பத்தானே அவங்ககிட்டத் தோத்தீங்க?"

"மூணு பேராத்தான உள்ள வந்தோம்? மூணு பேர் விதிய முழுசா முடிச்சுட்டுத்தான போகணும்? நடுவுல எப்படி மாத்துவீங்க?"

இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. அதுதான் கொடுமை. விதிமுறைத் தாளை நான் வாங்கி நாலைந்து தடவை படித்தேன். மூன்று பேரில் ஒருவர் கழன்றுபோனால் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டுமா, இருந்த இடத்திலிருந்தே மேலே போக வேண்டுமா என்று அதில் ஒரு வரி இல்லை. நடுவரைக் கேட்டார்கள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பெரிய போட்டிகளிலும் ஒரு அணி கழன்றால் மிச்சமிருப்பவர்களை வைத்து முதலிலிருந்துதான் தொடங்குவார்கள் என்றார். பெரியகுளத்துப் பெண்கள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்கள். எங்களைக் கழற்றிவிட்டது தாங்கள்தான் என்று அவர்களுக்கே தெரியாது.

ஆக, ஏழு போதாது. ஆறு வேண்டும்; கடைசிப் பந்துக்கு மூன்று புள்ளி கிடைத்திருந்தால் ஆறு.

ஆறு என்ற எண் குமரகுரு சார் மனசிலும் அதே கணத்தில் விழுந்திருக்க வேண்டும். அவர் மெதுவாகக் கேட்டார்: "ஸ்கோர் ஷீட்ல கேப்டன் கையெழுத்துப் போட்டாச்சா?"

"இன்னும் இல்ல" என்றார் அப்பாஸ் பாய்.

"அப்ப என் பொண்ணு இன்னொருக்கா யோசிச்சுச் சொல்லலாமா?"

அப்பாஸ் பாய் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சொல்லலாம். பதட்டத்துல சொல்லிட்டு அப்புறம் திருத்துறவங்க உண்டு. அந்தப் பொண்ணு என்ன சொல்லுதோ அத எழுதிக்குவேன். நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

சார் முருகேஸ்வரியை ஓரமாகக் கூட்டிப் போனார். தண்ணீர் பாட்டிலோடு நானும் போனேன். அவர் கெட்டவர் இல்லை. அவளுடைய அம்மா விஷயம் அவருக்கும் தெரியும், அவளுக்காகத்தான் கேட்டார். அதை இங்கே சொல்லியாக வேண்டும்.

"மேகத்துல ஒன் கால் ஒனக்கே தெரிஞ்சிருக்காதும்மா. நிதானமா யோசி. கோட்டுக்கு வெளியவும் இருந்திருக்கலாம்ல?"



நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டியவள். இருக்கவில்லை. "மூணுன்னு சொல்லுடி. யாருக்குத் தெரியப் போவுது? ஒங்க அம்மா நாளைக்கு வாராங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவள் மூன்று என்று சொல்ல வேண்டும் என்று பழனி மலை முருகனைக் கும்பிட்டுக்கொண்டேகூட நின்றேன். அடிவாரத்தில் கடை வைத்திருக்கிற குடும்பம் எங்களுடையது. சின்ன வேண்டுதலுக்கெல்லாம் அவரைக் கூப்பிட்டுப் பழக்கம்.

அவள் குனிந்து தன் ஷூவைப் பார்த்தாள். "ஈரத்துல சிமெண்ட்டு வழுக்காது. கோட்டுப் பெயிண்ட்டுதான் வழுக்கும். கால் வழுக்குச்சு சார்."

"அது ஒனக்கு மட்டுந்தானம்மா தெரியும்?"

"ஆமா சார். எனக்குத் தெரியுமே."

அவள் ஸ்கோர் மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே மஹ்ஜபின் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தனியாக நின்றாள்.

"அந்தப் பொண்ணு பந்து உள்ள போகலன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஏழுன்னா யாரு போவாங்கன்னு அவங்களுக்கும் அப்பத் தெரியாது. தெரியாமயே உள்ளதச் சொல்லுச்சு. நான் ஏழு போதும்னு நெனச்சுக்கிட்டு உள்ளதச் சொன்னேன். இப்பப் போதலன்னு மாத்திச் சொன்னா, மொதல்ல சொன்னதும் பொய்யாப் போயிரும் சார்."

அவள் நடந்து போய் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டாள். பேனா எழுதவில்லை, குளிருக்கு மை இறுகியிருந்தது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, முழுப் பெயரையும் எழுதினாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள்மேல், பாய்மேல், அந்தத் தாளின்மேல், பெரியகுளத்தின்மேல். நாங்கள் தங்கியிருந்த லாட்ஜ் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை.

அன்றே பழனிக்கு இறங்கியிருக்க வேண்டும். மேகம் விலகாததால் சார் வேனை எடுக்க விடவில்லை. "அந்தப் பொண்ணு வண்டியில இருக்கப்ப இந்த மேகத்துல நான் எறங்க மாட்டேன்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டார்.

"அம்மாவுக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொன்னியா?" என்று முருகேஸ்வரியைக் கேட்டேன்.

"இல்ல."

"ஏன்டி? அவ்வளவு தூரம் வந்து ஏமாந்து போவாங்கல்ல?"

"வரட்டும். போன்ல சொன்னா அதோட முடிஞ்சிரும்."

ஞாயிற்றுக்கிழமை வானம் கழுவி விட்டது போலிருந்தது. இந்தத் தெளிவு முந்தின நாள் இருந்திருந்தால் என்ன கேடு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். இறுதி ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவள் அம்மா வந்தார். சேலைக்கு மேலே ஆண்பிள்ளை ஸ்வெட்டர், தலையில் இறுக்கிக் கட்டிய மஃப்ளர், கையில் குடை. அந்த ஸ்வெட்டர் யாருடையது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தளத்தின் வாசலில் வந்து நின்றவர் உள்ளே காலெடுத்து வைக்கவே வெகுநேரம் ஆனது. முருகேஸ்வரி ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

"வெள்ளனேயே பஸ் ஏறிட்டேன். நீ ஏன் இங்கன நிக்கிற? ஆடலையா?"

"இல்லம்மா. நேத்தே தோத்துட்டோம்."

"பெறகு என்னத்துக்கு என்ன வர விட்ட?"

அவர் திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் குமரகுரு சார் எழுந்து வந்து கும்பிட்டார். "நேத்து ஒங்க பொண்ணு ஒரு வார்த்தைய மாத்திச் சொல்லியிருந்தா இன்னைக்கு இங்க ஆடிக்கிட்டு இருக்கும்மா. மாத்திச் சொல்லல. நான் கேட்டும் சொல்லல." சொல்லும்போது அவர் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்ன வார்த்த?"

"கோட்ட மிதிச்சாளா இல்லையான்னு."

அவர் மகளைப் பார்த்தார். ஈரப் படிக்கட்டில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். மஹ்ஜபின் அணிதான் ஜெயித்தது. பந்து ஒவ்வொரு தடவை வளையத்தில் மோதும்போதும் அவர் விரல்கள் குடைக்காம்பை இறுக்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கோப்பை கொடுத்துக் கூட்டம் கலைந்தது. தளம் காலியான பிறகு அவர் எழுந்தார். "எந்தக் கோடு, காட்டு" என்றார்.

முருகேஸ்வரி காட்டினாள். வளைந்து போகிற வெள்ளைக் கோடு. அந்த அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு போய்க் கோட்டின்மேல் நின்றார். அங்கிருந்து வளையத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இம்புட்டுத் தூரத்துலருந்தா போடுவீக?"

"ஆமாம்மா."

பிறகு அவர், மகளைப் பார்க்காமல், வளையத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "அகிலன் எங்கன நின்னு போடுவான்?"

ஒரு வருஷம் கழித்து அவர் வாயில் அந்தப் பேர் வந்தது. முருகேஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோட்டுக்குப் பின்னால் ஓர் எட்டு வைத்து, அந்த இடத்தில் நின்று காட்டினாள்.

"மேகம்னா அண்ணன் எப்பவும் ஒரு எட்டு பின்னாடி வந்துருவாம்மா. மிதிச்சியான்னு யாரும் கேக்கவே கூடாதுன்னு."

அம்மா கோட்டை விட்டு இறங்கினார். பின்னால் நகர்ந்து, மகள் விலகிக் கொடுத்த இடத்தில், இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து நின்றார். அகிலனின் ஸ்வெட்டர் விரல்கள் மறைய நீண்டு தொங்கியது. அந்தக் கையாலேயே முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நீயும் இனிமே இங்கன நின்னே போடு" என்றார்.

முருகேஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தின நாள் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். அப்பாஸ் பாய் தூரத்தில் பந்துகளைச் சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் அதில் ஒன்றை வாங்கி வந்தேன்.